இலவச விடுதிப் பள்ளி: கையெழுத்துப் போடும் முன்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் தம்பியும் அவன் மனைவியும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரே அறையில் ஐந்து பேர். மூத்தவள் தமிழ் மீடியத்தில் 5-ஆம் வகுப்பு முடித்துவிட்டாள். கம்பம் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் விடுதிப் பள்ளியில் சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் இலவசம் என்கிறார்கள். ஏதோ பத்திரத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். சேர்க்கலாமா ஐயா?"

சேர்க்கலாம். ஆனால் முதலில் அந்தப் பத்திரத்தைப் பேசிவிடுவோம்.

ஏழைக் குழந்தை வேறு, ஆதரவற்ற குழந்தை வேறு. நன்கொடை கேட்க வசதியாக இருக்கும் என்று, அப்பா அம்மா இருக்கிற பிள்ளையையும் ஆதரவற்றவர் என்று எழுதிவைக்கும் இடங்கள் உண்டு. விடுதிக் காப்பாளராக இருந்த காலத்தில் ஒரு தகப்பனாரைப் பார்த்திருக்கிறேன். வேறோர் இல்லத்தில் பாதி காலியாக இருந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். பொங்கலுக்கு மகளைக் கூப்பிடப் போனபோது, "நீங்கள்தான் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே" என்று அனுப்பிவிட்டார்கள். குழந்தையை ஒப்படைப்பது என்பது சட்டப்படி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் மட்டுமே நடக்கும். அதிலும் மனம் மாறப் பெற்றோருக்கு 2 மாதம் அவகாசம் உண்டு. ஆகவே உங்கள் தம்பி சேர்க்கை விண்ணப்பத்தில் மட்டும் கையெழுத்துப் போடட்டும். அதிலும் பெற்றோர் இருவர் பெயரும், லயத்து முகவரியும், போன் நம்பரும் இருக்க வேண்டும். ஒரு நகல் கையோடு வாங்கி வரட்டும்.

மாநில எல்லை தாண்டுவதால் இன்னொரு காரணமும் இருக்கிறது. 2014 மே மாதம் பாலக்காடு ரயில் நிலையத்தில் வடமாநிலங்களிலிருந்து கேரள இல்லங்களுக்கு வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை இறக்கிவிட்டார்கள். பலருக்கு உரிய தாள் இல்லை. படிக்க வந்த பிள்ளைகள் போலீஸ் வழக்கில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். குமுளி செக்போஸ்டில் அப்படியெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். பிள்ளையைத் தரகரோடு ஜீப்பில் ஏற்றிவிடாதீர்கள். அப்பாவோ அம்மாவோ கூடப் போகட்டும்.

சரி, அங்கே போய் என்ன கேட்பது? தமிழ்நாட்டில் பிள்ளைகள் தங்கும் விடுதிக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரின் உரிமம் வேண்டும். குழந்தைகள் இல்லமாக நடந்தால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் பதிவு வேண்டும். "உரிமத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் அதைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். பள்ளிக்கு அரசு பதிவுக்காகத் தரும் 11 இலக்க யூடைஸ் எண் இருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-இல் தொடங்கும். எண் இல்லையென்றால் அது பள்ளி இல்லை, டியூஷன்.

தாளை விட எனக்கு நம்பிக்கை சமையல்கட்டின் மேல்தான். சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் 4 மணிக்குப் போங்கள், பிள்ளைகள் தட்டைக் கழுவுகிற நேரம். அரிசி மூட்டை தரையிலா, பலகை மேலா? பெண் பிள்ளைகளின் குளியலறைக் கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? நீங்களே உள்ளே போய்ப் போட்டுப் பாருங்கள். ராத்திரி விடுதியில் தங்கும் பெண் காப்பாளர் யார் என்று கேட்டு, அவரிடமே இரண்டு வார்த்தை பேசுங்கள். பார்வையாளர் நோட்டு இருந்தால் நாலு பக்கம் பின்னால் புரட்டுங்கள். நன்கொடையாளர் பெயராகவே இருந்து, பெற்றோர் பெயரே இல்லையென்றால் எனக்கு அந்த இடம் பிடிக்காது.

வெளியே யாரும் சொல்லாத ஒரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். அறக்கட்டளை நடத்தும் பள்ளி, அரசு உதவி பெற்றாலும் அதில் வராது. கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் உதவித்தொகை, உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவிகளுக்கும் கிடைக்கிறது. சாதிச் சான்றிதழ் விஷயம் இன்னும் கறார்: கேரளத்தில் வாங்கிய எஸ்.சி. சான்றிதழை வைத்துத் தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு கேட்க முடியாது.

அதனால் மலை இறங்கும் முன் கேரளத்தில் இருப்பதையும் ஒரு தடவை பாருங்கள். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அரசின் மாதிரி உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இல்லாத நவோதயா, அதாவது மத்திய அரசின் உறைவிடப் பள்ளி, கேரளத்தில் மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. இடுக்கிக்கு அது குளமாவில். 6-ஆம் வகுப்புக்கான தேர்வை 5-இல் படிக்கும்போதே எழுதியிருக்க வேண்டும், அது இவளுக்குக் கைவிட்டுப் போயிற்று. 9-ஆம் வகுப்பில் இடம் காலியானால் இன்னொரு தேர்வு வைப்பார்கள். இரண்டாவது பிள்ளைக்கு இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பம்தான் என்று முடிவானால் மே மாதத்திலேயே டி.சி. கேளுங்கள். 8-ஆம் வகுப்பு வரை டி.சி. தாமதமானதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் கேரளப் பள்ளியில் பெயர் நீங்காமல் இங்கே இரட்டைப் பதிவாகிவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். அப்புறம், அவளுக்கு அப்பாவின் போன் நம்பரும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-உம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டி மூடியின் உட்பக்கத்திலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.