பார்லருக்கு இடம்: 11 மாத அக்ரிமென்ட் போதுமா?

கேள்வி: திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டின் முதல் மாடியை பியூட்டி பார்லருக்குப் பேசியிருக்கிறேன். வாடகை 28,000 ரூபாய், அட்வான்ஸ் 10 மாதம். இன்டீரியருக்கு 8 லட்சம் ஆகும். 11 மாத அக்ரிமென்ட் போதும், வெள்ளிக்கிழமைக்குள் டோக்கன் கொடுங்கள் என்கிறார் புரோக்கர். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் டோக்கனை நிறுத்துங்கள். "இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறது" என்பார் புரோக்கர். இத்தனை வருட வாடகை வழக்குகளில் அந்த இன்னொரு பார்ட்டியை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவிலிருந்து தப்பிக்கத்தான் இந்த 11 மாதக் கணக்கு. கட்டிலும் பீரோவுமாக வரும் குடும்பத்துக்கு அது சரி. வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். நீங்கள் சுவரில் அடிக்கப்போவது 8 லட்சம். 12ஆம் மாதம் உரிமையாளர் "40,000 கொடு, இல்லை காலி செய்" என்றால் என்ன செய்வீர்கள்?

என்னிடம் வந்த ஒரு பெண், சாவியைக் கொடுத்த மறுநாள் கண்ணாடிகளைக் கழற்ற ஆள் கூட்டிப்போனார். ஸ்க்ரூ அடித்ததெல்லாம் கட்டடத்தோடு சேர்ந்தது என்று உரிமையாளர் கதவைத் திறக்கவில்லை. நீங்கள் பொருத்தியதைக் கழற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இடம் உங்கள் கையில் இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். ஏசி, கீசர், ஷாம்பூ பேசின், கண்ணாடி எல்லாம் உங்களுடையவை என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள்.

5 வருடம் கேளுங்கள். வருடாந்திர உயர்வு எத்தனை சதவீதம் என்று இப்போதே எழுதுங்கள். முதல் 3 வருடம் உரிமையாளர் காலி செய்யச் சொல்லக்கூடாது, நீங்கள் 2 மாத நோட்டீஸில் போகலாம் என்று இருக்கட்டும். புரோக்கர் கொண்டுவரும் டிராஃப்டில் லாக்-இன், அதாவது இடையில் விலகக்கூடாத காலம், வாடகைதாரரை மட்டும்தான் கட்டும்.

உயர்வைச் சேர்க்காமல் 60 மாத வாடகை 16.8 லட்சம். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், ஆக 33,600 ரூபாய். உயர்வையும் அட்வான்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் சற்றுக் கூடும். 8 லட்சத்துக்குக் காவல் என்று நினைத்துக் கட்டுங்கள். அப்புறம் அதே அக்ரிமென்ட்டை 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். சார்பதிவாளர் பதிந்ததை இன்னொரு அலுவலகம் ஏன் மறுபடி பதிய வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அட்வான்ஸ் 3 மாதத்துக்கு மேல் கூடாது என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த வரி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது". அதாவது, 10 மாதம் என்று எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அதுதான் அந்த வேறு ஒப்பந்தம். பிறகு 3 மாதம்தான் சட்டம் என்று வாதாட முடியாது. எண்ணைப் பேசிக் குறைக்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி கழித்து, திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. அதையும் அக்ரிமென்ட்டில் எழுதுங்கள்.

வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வங்கி அடமானம் தெரிந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு உங்களுக்கு இருந்தால், வாடகை மேல் வரும் 18 சதவீத வரியை உங்கள் வரியில் கழிக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைக்கு 5 சதவீத வரி, உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. அந்த 18 சதவீதத்தையும் வாடகையாகவே நினையுங்கள்.

கடைசியாகக் கரண்ட். அது வீடு. இணைப்பும் வீட்டு இணைப்பாகவே இருக்கும். அதில் பார்லர் நடத்திப் பிடிபட்டால் இரண்டு மடங்குக் கட்டணம் போடுவார்கள், எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு. இரண்டு ஏசி, கீசர், ஹேர் டிரையர் ஓட மும்முனை வேண்டியிருக்கும். வணிக இணைப்பாக மாற்றித் தருவது உரிமையாளர் பொறுப்பு, அதுவரை வாடகை ஓடாது என்று எழுதுங்கள். கடைசி ஈபி பில் நகலை இன்றே புரோக்கரிடம் கேளுங்கள். அதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.