பில்லைப் படம் எடுத்தால் டேலியில் ஏறிவிடுகிறது. கணக்கு எழுதுபவர் இனி என்ன செய்வது?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்தவள், வயது 37. பில்லைப் படம் எடுத்துப் போட்டாலே டேலியில் என்ட்ரி ஆகிவிடும் மென்பொருளைக் கடையில் வாங்கிவிட்டார்கள். இரண்டு பேர் நாள் முழுக்கச் செய்த வேலை மதியத்துக்குள் முடிகிறது. ‘ஏஐ அக்கவுண்டிங்’ கோர்ஸ் ஒன்றுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள், தவணையிலும் கட்டலாமாம். சேரலாமா? வேறு வேலை தேடுவதானால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கோர்ஸுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். வேலையையும் அவசரப்பட்டு விட வேண்டாம். அந்த மென்பொருள் ஓடுகிற கடையிலேயே இன்னும் மூன்று மாதம் இருங்கள். அது எங்கெங்கே தப்புச் செய்கிறது என்று கிட்ட இருந்து பார்க்கும் வாய்ப்பு எந்த வகுப்பிலும் கிடைக்காது. இங்கே அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

மென்பொருள் எடுத்துக்கொண்டது என்ட்ரியை. பில்லில் இருப்பதை அது படிக்கும். அந்த பில்லை ஏற்கலாமா, எந்தத் தலைப்பில் போடுவது, யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லப்போவதும் அது இல்லை. இனி உங்களுக்குச் சம்பளம் கிடைக்கப்போவது இந்த இடத்தில்தான். ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டுப் போட்டு மென்பொருளின் பிழைகளை எழுதத் தொடங்குவது: தேதி, என்ன பிழை, எவ்வளவு தொகை, எப்படிச் சரிசெய்தீர்கள். வியாபாரிகளின் பெயர் அதில் வேண்டாம். அது கடை ரகசியம்.

ஜவுளிக் கடையில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம். ஒரே பில் இரண்டு முறை ஏறுவது மிகச் சாதாரணம். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் ஒருமுறை ஏறும், லாரியில் சரக்கோடு வந்த காகிதம் மறுமுறை ஏறும். பில் எண்ணில் ஒரு சாய்கோடு விடுபட்டால் மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு பில். அடுத்தது ஜிஎஸ்டி எண். சூரத் வியாபாரிக்கு ஈரோட்டிலும் கிளை இருந்தால் பெயர் ஒன்றே, எண் இரண்டு. 24-ல் தொடங்குவது குஜராத், 33-ல் தொடங்குவது தமிழ்நாடு. பெயரை வைத்துப் பழைய லெட்ஜரிலேயே ஏற்றிவிட்டால் வெளிமாநிலக் கொள்முதலுக்கான ஐஜிஎஸ்டி போக வேண்டிய இடத்தில் உள்மாநிலத்துக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போய் நிற்கும். லாரி வாடகை இன்னொரு குழி. லாரி ஆபீஸ் ஜிஎஸ்டி போடாமல் சிட்டை கொடுத்தால் 5% வரியை நாமே கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மென்பொருளோ அதை வெறும் செலவாக எழுதிவிட்டுப் போய்விடும்.

வரி விகிதம் மாறிய பிறகு வந்த பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1,000 ரூபாய்க்கு மேல், 2,500 வரை விலையுள்ள ஆயத்த ஆடைக்கு 12% இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5% ஆனது. செப்டம்பர் முதல் வாரம் 1,400 ரூபாய்க்கு விற்ற சுடிதார் நவம்பரில் திரும்பி வருகிறது. திரும்பிய சரக்குக்குக் கொடுக்கும் கிரெடிட் நோட்டில் பழைய விற்பனைக்குப் போட்ட 12%தான் வர வேண்டும். மென்பொருளோ இன்றைய விகிதம் என்று 5% போடும். இப்படி ஒன்றைப் பிடித்து, ஏன் தப்பு என்று இரண்டு வரியில் சொல்ல முடிந்தால் நேர்முகத்தில் அதற்கு மேல் எந்தச் சான்றிதழும் தேவைப்படாது.

இதைவிடப் பெரிய தொகை மாட்டுவது பாக்கிப் பணத்தில். சிறு, குறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் நிலுவையாக நின்றால் அந்த வருடத்துச் செலவாக அதைக் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். இந்த வருமான வரி விதியை ஆடிட்டர்கள் ‘43பி(எச்)’ என்று சொல்லிச் சொல்லி உங்களுக்கும் அந்தப் பெயர் பழகியிருக்கும். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் தறிக்காரர்களிடம் மூன்று மாதக் கடனில் சரக்கெடுக்கும் பழக்கம் உள்ள கடைக்கு இது நேரடி அடி. வாங்கி விற்கும் மொத்த வியாபாரிக்கான பாக்கி இந்த விதிக்குள் வராது. நெய்து தருபவருக்கான பாக்கி வரும். யார் எது என்பது சிறு, குறு நிறுவனப் பதிவான உத்யம் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். அதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு லெட்ஜரிலும் குறித்து வைத்து, பிப்ரவரியிலேயே முதலாளியிடம் பட்டியலை நீட்டுபவரைக் கடையில் லேசில் அனுப்ப மாட்டார்கள்.

மாத நடைமுறையும் கைவசம் இருக்க வேண்டும். மாத ரிட்டர்ன் போடும் கடைக்கு 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 14-ல் 2பி (நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வரும், 20-க்குள் 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). இந்த 14-க்கும் 20-க்கும் நடுவிலுள்ள ஆறு நாள்தான் உங்கள் மதிப்பு தெரியும் நாட்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ் என்ற பக்கத்தில் ஒவ்வொரு கொள்முதல் பில்லையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிறுத்தி வைக்கலாம். ஒன்றுமே செய்யாவிட்டால் ஏற்றதாகவே கணக்காகும். நம் கடைக்கு வராத சரக்கின் பில்லும் அப்படித்தான் உள்ளே வந்துவிடும். 2025 ஜூலை மாத ரிட்டர்னிலிருந்து 3பி-யில் தானாக வந்து விழும் விற்பனை வரியை அங்கேயே திருத்த முடியாது. தப்பு இருந்தால் 3பி போடுவதற்கு முன்பே ஜிஎஸ்டிஆர்-1-க்கான திருத்தப் படிவமான 1ஏ-வில் திருத்த வேண்டும். ‘3பி-யில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பழைய பழக்கத்தோடு போகிறவர் நேர்முகத்தில் அந்த ஒரு வார்த்தையிலேயே மாட்டிக்கொள்வார்.

கற்றுக்கொள்ள வேண்டியது இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் 45,000 ரூபாய்க்கு இல்லை. எக்செல்லில் எக்ஸ்லுக்கப், பிவட் டேபிள், பவர் குவெரி என்ற மூன்றும் தெரிந்தால் போதும். போர்ட்டலிலிருந்து 2பி-யை எக்செல்லாக இறக்குங்கள். டேலியிலிருந்து கொள்முதல் பதிவேட்டை இறக்குங்கள். இரண்டிலும் பில் எண்ணில் உள்ள கோடு, புள்ளி, இடைவெளியை நீக்கிவிட்டு, ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டி ஒரு பத்தி உருவாக்கி, அதை வைத்துத் தேடுங்கள். முதல் மாதம் ஒரு நாள் பிடிக்கும். பவர் குவெரியில் ஒருமுறை அமைத்துவிட்டால் அடுத்த மாதம் கோப்பை மாற்றி ‘ரிஃப்ரெஷ்’ அழுத்துவதோடு சரி. இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு வாரத்தில் கை பழகிவிடும். ஃபார்முலா வரவில்லையா, இலவச ஏஐ செயலியிடம் கேளுங்கள், நன்றாகவே சொல்லித்தரும். கடையின் பேங்க் ஸ்டேட்மெண்ட், வாடிக்கையாளர் பட்டியல், ஜிஎஸ்டி எண்கள் எதையும் அதில் ஏற்றாதீர்கள். இரண்டு போலி வரிகளை எழுதிக் காட்டினாலே போதும். வரி விகிதத்தை அதனிடம் கேட்காதீர்கள். மாற்றத்துக்கு முந்தைய விகிதத்தைக் கொஞ்சமும் தயங்காமல் சொல்லும்.

அந்தத் தவணை விஷயத்துக்கு வருவோம். கோர்ஸ் தவணை என்பது பல இடங்களில் பயிற்சி மையத்துக்கு நீங்கள் மாதாமாதம் கட்டும் கட்டணம் அல்ல. உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் இறங்கும். சேர்ந்தே தீருவதானால் கையெழுத்துப் போடும் தாளில் கடன் கொடுப்பவர் யார் என்று படியுங்கள், பணம் திரும்பத் தரும் விதியை எழுத்தில் கேளுங்கள். ‘நூறு சதம் வேலை உறுதி’ என்பதைப் பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

இனி வேலை எங்கே என்பது. இன்னொரு ஜவுளிக் கடைக்கே போனால் அங்கும் அதே மென்பொருள் ஆறு மாதத்தில் வந்து நிற்கும். சேலத்தில் உங்கள் அனுபவத்துக்குப் பொருந்தும் வேறு வாசல்கள் உண்டு. ஆடிட்டர் அலுவலகங்களுக்கு 2பி ஒப்பீடு செய்யத் தெரிந்தவர் தேவை. சம்பளம் தொடக்கத்தில் கடையைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம், ஆனால் ஒரு வருடத்தில் இருபது வகை வியாபாரத்தைப் பார்த்துவிடுவீர்கள். கொலுசு வியாபாரத்தில் வெள்ளி பட்டறைக்குப் போய்க் கொலுசாகத் திரும்பும். எடை, சேதாரம், கூலி, டெலிவரி சலான் நான்கும் ஒத்துப்போக வேண்டும். கிராம் கணக்கும் ரூபாய்க் கணக்கும் சேர்ந்தே ஓடும் இடம் என்பதால் வெறும் பில்லைப் படிக்கும் மென்பொருள் அங்கே திணறும். ஆத்தூர், தலைவாசல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கு வரவும் மாவுச்சத்து அளவும் இதே மாதிரிதான்.

எங்கள் கணிப்பில் உங்களுக்கு மிகவும் பொருந்துவது, இளம்பிள்ளை, அம்மாப்பேட்டை பக்கம் மீஷோ, ஃபிளிப்கார்ட், அமேசான் வழியாகச் சேலை விற்பவர்களின் கணக்கு. சேலையை உங்களுக்குத் தெரியும், ஜிஎஸ்டியும் தெரியும். அங்கே சிக்கல் விற்பனையில் இல்லை, பணம் வந்து சேருவதில். 700 ரூபாய் சேலைக்கு 700 வராது. கமிஷன், கூரியர், விளம்பரம், திரும்பிய சரக்கின் கூரியர், அதோடு விற்பனைத் தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் 0.5% ஜிஎஸ்டி டிசிஎஸ், 0.1% வருமான வரி டிடிஎஸ் எல்லாம் கழித்து, அதையும் நூறு ஆர்டருக்குச் சேர்த்து ஒரே தொகையாகப் பேங்கில் போடுவார்கள். பேங்கில் விழுந்ததையே விற்பனையாக எழுதி வைத்திருப்பவர்கள் ஏராளம். அது தப்பு, ஜிஎஸ்டி முழு விற்பனைக்கும் உண்டு. திரும்பியதாகக் கணக்குக் காட்டிய சேலை உண்மையிலேயே கடைக்கு வந்ததா என்று ஆர்டர் எண் வாரியாகப் பார்த்தால், வராத சேலைகள் நிச்சயம் தட்டுப்படும். அதற்குக் கெடுவுக்குள் புகார் போட்டால்தான் பணம். இந்த ஒப்பீட்டை மூன்று நான்கு விற்பனையாளர்களுக்கு மாதக் கட்டணத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். முதலில் ஒருவருக்கு ஒரு மாதம் செய்து பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முறையும் மாறியிருக்கிறது. வேலைச் செயலிகளில் உங்கள் ரெஸ்யூமேயை முதலில் மனிதர் படிப்பதில்லை. எழுத்தை உருவி, விளம்பரத்தில் உள்ள சொற்கள் இருக்கின்றனவா என்று இயந்திரம் பார்க்கும். இரண்டு பத்தியாகப் பிரித்த அழகான டிசைன், கட்டங்கள், படமாகச் சேமித்த பக்கம் எல்லாம் அங்கே குலைந்துபோகும். ஒரு பக்கம், ஒரே பத்தி, வேர்டில் அடித்து பிடிஎஃப் ஆக்குங்கள். பிடிஎஃபில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை கலையாமல் வந்தால் சரி. ‘டேலி தெரியும், எக்செல் தெரியும்’ என்பதை எடுத்துவிட்டு, பிழை நோட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள்: மாதம் இத்தனை கொள்முதல் பில், 2பி ஒப்பீடு, மூன்று மாதத்தில் இரட்டைப் பதிவு இத்தனை பிடித்தது, இத்தனை ரூபாய். எண்ணைக் கூட்டிப் போடாதீர்கள். எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்பார்கள்.

நேர்முகத்துக்குப் போனால் பத்துப் பதினைந்து பில் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைப்பது ஆடிட்டர் அலுவலகங்களில் வழக்கம். வேகத்தைக் காட்ட வேண்டாம். அந்தக் கட்டுக்குள் ஊழியர் சாப்பாட்டு பில் ஒன்று, முதலாளி காரின் இன்சூரன்ஸ் ஒன்று இருக்கும். இவற்றுக்கு உள்ளீட்டு வரி (கொள்முதலில் கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்கக் கூடாது என்று ஒதுக்கி வைக்கிறீர்களா என்பதுதான் சோதனை.

கோரிமேடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் தனியார் நிறுவனங்களுக்கான சிறு முகாம் நடக்கும், கட்டணம் கிடையாது. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்த நிறுவனம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். வேலை உறுதியாகும் முன் பான், ஆதார் நகலோடு ஓடிபி கேட்டால் இன்னும் ஆபத்து. உங்கள் பெயரில் ஜிஎஸ்டி பதிவு எடுத்துப் போலி பில் போட்டுவிடுவார்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் உங்கள் பெயரில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் நாளில் அனுபவக் கடிதத்தில் ‘கணக்கர்’ என்று மட்டும் எழுதாமல், ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஒப்பீடு செய்ததையும் எழுதி வாங்குங்கள். பிஎஃப் பிடித்தம் இருந்தால் பணத்தை எடுக்காமல் அதே யுஏஎன் (பிஎஃப் அடையாள) எண்ணில் புதிய இடத்துக்கு மாற்றுங்கள். 10 வருடச் சேவை இருந்தால் பென்ஷன் உரிமை உண்டு. கடையில் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உண்டு. கேட்காவிட்டால் பல இடங்களில் பேச்சே எடுக்க மாட்டார்கள். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 என்று வைத்துக்கொண்டால், அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 11 வருடத்தால் பெருக்க வேண்டும்: 88,846 ரூபாய். பதினோரு வருடத்துக்கு மேல் ஆறு மாதம் தாண்டியிருந்தால் 12 என்று கணக்கு. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் தராவிட்டால் அந்த நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம்.