வாசகர் கேள்வி–பதில்: வாக்கி-டாக்கி புரோகிராம் ஆக மறுக்கும்போது

கேள்வி: என்னிடம் பாவ்ஃபெங் யூவி-5ஆர் வாக்கி-டாக்கி ஒன்று இருக்கிறது. கேபிளைக் கணினியில் செருகி, வாக்கி-டாக்கியின் சேனல்களைக் கணினியிலிருந்து அமைக்க உதவும் சிர்ப் மென்பொருளின் வழியாகச் செட்டில் உள்ளதைப் படிக்க முயன்றால், ஒவ்வொரு முறையும் 'ரேடியோ பதில் அளிக்கவில்லை' என்ற செய்தியே வருகிறது. பேசுவதிலும் கேட்பதிலும் எந்தக் குறையும் இல்லை. செட்டை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். பேசவும் கேட்கவும் செய்கிற செட், புரோகிராம் செய்யும்போது மட்டும் மௌனமாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ, அந்தக் கேபிளைக் கணினி கையாள உதவும் நிரலான டிரைவரிலோ, கேபிள் செட்டோடு சேரும் இடத்திலோதான் இருக்கும். கணினி ஒரு கேள்வியை அனுப்பியது, பதில் திரும்பி வரவில்லை என்பது மட்டுமே அந்தச் செய்தியின் பொருள். கேள்வி செட்டுக்குப் போய்ச் சேரவில்லையா, பதில் வழியில் தொலைந்ததா என்பதை மென்பொருளால் சொல்ல முடியாது. ஆகையால் கணினியிலிருந்து தொடங்கி, செட் வரையிலான வழியை நாமே நடந்து பார்க்க வேண்டும்.

முதலில் போர்ட், அதாவது கேபிளுக்குக் கணினி தரும் இணைப்பு வாயில். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்டுகளின் பட்டியலைப் பார்த்தபடியே கேபிளைப் பிடுங்குங்கள். பட்டியலிலிருந்து எந்த 'காம்' எண் மறைகிறதோ, அதுவே உங்கள் கேபிளின் எண். சிர்ப்பில் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது வேறு எண்ணாக இருந்தால், யாருமே இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

எண் சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது செட்டில் செருகும் முனை. இங்கேதான் மிகுதியானோர் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கென்வுட் வகை எனப்படும் இந்த முனையில் 3.5 மில்லிமீட்டரில் ஒன்றும் 2.5 மில்லிமீட்டரில் ஒன்றுமாக இரண்டு பின்கள் இருக்கின்றன. இவ்விரண்டையும் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கட்டையின் விளிம்பு, செட்டின் உடல் ஓரத்தில் இடித்துக்கொண்டு, பின்கள் முழு ஆழத்துக்கு இறங்குவதைத் தடுக்கக்கூடும். பார்வைக்குச் செருகியது போலவே இருக்கும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் தரவு செல்ல வேண்டிய உலோகப் பகுதி, உள்ளே தொட வேண்டிய இடத்தைத் தொடாது. நானும் ஒரு முறை இரண்டு மாலைப் பொழுதுகளை டிரைவரை நீக்குவதிலும் மறுபடி நிறுவுவதிலும் கழித்துவிட்டு, கடைசியில் கட்டைவிரலால் முனையை அழுத்திப் பிடித்தபடி 'படி' என்று கொடுத்தபோதுதான், திரையில் முன்னேற்றக் கோடு நகரத் தொடங்கியதைக் கண்டேன். நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். அழுத்தும்போது வேலை செய்து, விட்டதும் நின்றுபோனால், முனையை வெளியே எடுத்து, இடிக்கும் பிளாஸ்டிக் ஓரத்தைக் கூர்மையான கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிவிடுங்கள். செட்டைச் சீவ வேண்டாம். மேலே உறை போட்டிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். செட்டை அணைத்து, முனையைச் செருகி, அதன் பிறகே செட்டை இயக்க வேண்டும். ஒலி அளவைப் பாதிக்கு மேல் வைத்து, யாரும் பேசாத அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். படிக்கும் நேரத்தில் உள்ளே வரும் ஒலி தரவோடு மோதி, பாதியில் நின்றுபோவதற்குக் காரணமாகலாம். பேட்டரி நிறைந்திருக்கட்டும்.

கேள்வி: கேபிளைச் செருகினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 10' என்ற குறிப்பும் வருகின்றன. இதே கேபிள் பழைய கணினியில் நன்றாக வேலை செய்தது.

பதில்: கேபிளின் யூஎஸ்பி தலைக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது, யூஎஸ்பி மொழியைச் செட்டுக்குப் புரியும் தொடர் தரவாக மாற்றுவது அதன் வேலை. மலிவான கேபிள்களில் பெரும்பாலும் புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சிப்போ, அதைப் பார்த்துச் செய்யப்பட்ட போலியோ இருக்கும். போலிகள் பெருகியதால், புரோலிஃபிக் தன் புதிய டிரைவர்களை அவற்றை அடையாளம் கண்டு மறுக்கும்படி அமைத்துவிட்டது. உற்பத்தி நிறுத்தப்பட்ட அசல் பழைய சிப்களும் அதே வலையில் சிக்கின. '2012 முதல் கைவிடப்பட்டது' என்ற குறிப்போடு டிவைஸ் மேனேஜரில் தோன்றுபவை அவைதான். உங்கள் பழைய கணினியில் பழைய டிரைவர் இருந்திருக்கும். அதனால்தான் அங்கே சிக்கல் எழவில்லை.

பழைய டிரைவரை, குறிப்பாக 3.2.0.0 பதிப்பை, நிறுவிப் பலர் இதைக் கடந்திருக்கிறார்கள். 'டிரைவரைப் புதுப்பி' என்பதற்குள் சென்று, கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் அந்தப் பதிப்பைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஆனால் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது புதிய டிரைவரை மறுபடி கொண்டுவந்துவிடலாம். வேறு யூஎஸ்பி துளையில் செருகினாலும் இதே கதை திரும்பலாம். அடிக்கடி புரோகிராம் செய்பவராக இருந்தால், எஃப்டிடிஐ என்ற வேறு நிறுவனத்தின் சிப் உள்ள கேபிள் ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சற்றுக் கூடுதல் விலைதான்; ஆனால் செலவிடும் நேரத்துக்கும் விலை உண்டல்லவா?

கேள்வி: லினக்ஸில் 'அனுமதி இல்லை' என்று வருகிறது.

பதில்: உங்கள் பயனர் கணக்கை, போர்ட்டுகளைப் பயன்படுத்த அனுமதி உள்ள 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள், மீண்டும் உள்நுழைவதை மறந்துவிட்டு, மாற்றம் பலிக்கவில்லை என்று நினைப்பவர்கள் பலர். உபுண்டு 22.04 பதிப்பில் சிஹெச்340 சிப் உள்ள கேபிளைச் செருகியதும் போர்ட் தோன்றி உடனே மறைந்தால், பிரெய்ல் காட்சிக் கருவிகளுக்கான 'பிரெல்டிடிஒய்' நிரல் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி பயன்படுத்துபவர் அந்தக் கணினியில் யாரும் இல்லை என்றால் அந்த நிரலை நீக்கிவிடலாம்.

கேள்வி: நண்பருடைய செட்டும் என்னுடையதும் ஒரே மாதிரி. அவர் தந்த கோப்பை என் செட்டில் எழுதிய பிறகு, சில அமைப்புகள் தாறுமாறாகிவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: அது அலைவரிசைப் பட்டியல் மட்டும் அடங்கிய கோப்பு அன்று, அவருடைய செட்டின் நினைவகத்தை அப்படியே எடுத்த பிரதி. வெளியே ஒரே பெயர் எழுதியிருந்தாலும், உள்ளே இருந்து செட்டை இயக்கும் நிரலான ஃபர்ம்வேர் வேறாக இருக்கலாம். யூவி-5ஆரில் 3 என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே இயக்கினால், 'பிஎஃப்பி297' என்பது போன்ற பதிப்பு எண் திரையில் தெரியும். இரண்டு செட்களிலும் அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுதுவதற்கு முன் உங்கள் செட்டைப் படித்து ஒரு பிரதி வைத்திருந்தால், அதையே திரும்ப எழுதுங்கள், சரியாகிவிடும். இல்லையென்றால், மெனு 40-இல் உள்ள 'ஆல்' மீட்டமைப்பைச் செய்து, செட்டைப் புதிதாகப் படித்து, அந்தப் படிமத்தை உடனே தனிப்பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு சிர்ப்பில் இரண்டு கோப்புகளையும் திறந்து, நண்பருடைய பட்டியலிலிருந்து சேனல் வரிகளை மட்டும் நகலெடுத்து, உங்கள் படிமத்தில் ஒட்டி எழுதுங்கள்.

கேள்வி: கேபிள் இல்லாமல் பொத்தான்கள் வழியாகவே ரிப்பீட்டர் (நாம் அனுப்புவதை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) சேனலைச் சேமித்தேன். கேட்க முடிகிறது, பேசினால் ரிப்பீட்டர் திறக்கவில்லை.

பதில்: யூவி-5ஆரில் ஒரு ரிப்பீட்டர் சேனலை இரண்டு முறை சேமிக்க வேண்டும். அலைவரிசை முறையில், திரையின் மேல் வரியில், முதலில் டோனை, அதாவது ரிப்பீட்டரைத் திறக்கும் அடையாள ஒலியை, மெனு 13-இல் அமைத்துவிட்டு, கேட்கும் அலைவரிசையை அடித்து மெனு 27 வழியாகச் சேமிக்க வேண்டும்; பிறகு அனுப்பும் அலைவரிசையை அடித்து, அதே சேனல் எண்ணில் மறுபடி சேமிக்க வேண்டும். இரண்டாவது படி விட்டுப்போனால், கேட்கும் அலைவரிசையிலேயே அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். அந்த எண்ணில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால், மெனு 28-இல் அதை அழித்த பிறகே புதியது ஏறும். இவை எல்லாம் சரியாக இருந்தும் ரிப்பீட்டர் திறக்கவில்லை என்றால், டோன் எண்ணை மறுபடி பாருங்கள், 88.5 ஹெர்ட்ஸ் கேட்கும் ரிப்பீட்டருக்கு 85.4 கொடுத்தால் அது அசையாது.

கேள்வி: கேபிளைச் செட்டில் செருகியவுடன் சிவப்பு விளக்கு எரிகிறது. பழுதாகிவிட்டதா?

பதில்: செட் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது, உடனே கேபிளை எடுத்துவிடுங்கள். இந்த வகை இணைப்பியில் பேசும் பொத்தானுக்கான தொடர்பும் தரவுக் கம்பியும் ஒரே உலோகப் பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. மறுமுனை கணினியில் செருகப்படாமல் மின்சாரமின்றி இருந்தால், யாரோ பொத்தானை அழுத்தியது போலச் செட் எடுத்துக்கொள்ளலாம். யூஎஸ்பி முனையை முதலில் செருகுங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: அலுவலகத்தில் பயன்படுத்தும் டிஜிட்டல் செட் ஒன்றைப் படிக்க முயன்றால் கடவுச்சொல் கேட்கிறது.

பதில்: அதை அமைத்துக்கொடுத்தவர் பூட்டி வைத்திருக்கிறார். உடைக்கும் வழிகளைத் தேட வேண்டாம். அந்தச் செட்களின் அலைவரிசை உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ, அவரிடமோ அமைத்துக்கொடுத்தவரிடமோ கேளுங்கள். கடவுச்சொல் கிடைத்த பின்னும் எழுத மறுத்தால், கோட்பிளக் எனப்படும் அமைப்புக் கோப்பு உருவான மென்பொருளின் பதிப்பும் செட்டின் ஃபர்ம்வேர் பதிப்பும் பொருந்துகின்றனவா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.