பழைய சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி) விமான இன்ஜின்களில் எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோல் சமமாகப் போகிறதா என்று எப்படிச் சோதித்தார்கள்?

பெரும்பாலும் புகையை வைத்துத்தான். ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட்டிலிருந்தும் தனித்தனியாக வாயுவைப் பிடித்து, ஆர்சாட் என்ற வாயு அளக்கும் கருவியில் பொட்டாஷ் கரைசலோடு சேர்ப்பார்கள். கார்பன் டை ஆக்சைடு கரைந்துவிடும். வாயுவின் கன அளவு எவ்வளவு குறைந்தது என்பதே கணக்கு. அடுத்த கரைசலில் ஆக்சிஜன், அதற்கடுத்ததில் கார்பன் மோனாக்சைடு. அது மிகுந்திருந்தால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் அதிகம். பொறுமையைச் சோதிக்கும் வேலை!

ஸ்பார்க் பிளக் வாஷரில் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி இணை) வைத்துச் சூட்டையும் பார்த்தார்கள். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது: குளிர்காற்று சரியாகப் படாத சிலிண்டர், பெட்ரோல்-காற்றுக் கலவை ஒழுங்காக இருந்தாலும் சுடும்.

சூப்பர்சார்ஜர் விசிறியே கலவையைக் கலக்கிவிடாதா? ஓரளவு கலக்கும். ஆனாலும் 18 சிலிண்டர் ரைட் ஆர்-3350 இன்ஜினில் பங்கீடு உதைத்தது. பிற்பாடு சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் முறைக்கு மாறினார்கள்.