1952 சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஏன் தடுமாறியது? கொங்கு நாட்டுக்கு அதில் என்ன பங்கு?

முதல் காரணம் சோறு. விடுதலை கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியும் ரேஷன் கெடுபிடி தீரவில்லை. வயிறு காய்ந்தால் ஓட்டு மாறத்தானே செய்யும்? 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. (ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த மாநிலம் அது, கம்யூனிஸ்டுகளின் பலம் பெரும்பாலும் அங்கேதான்.)

ஆனால் கோவை மில் தொழிலாளர்களிடமும் அவர்களுக்குப் பிடிமானம் இருந்தது. கம்யூனிஸ்ட் சங்கத்தைச் சேர்ந்த சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் நால்வர் ஒரு கொலை வழக்கில் 1946 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டது அப்போது ஆறாத காயம். ஈரோட்டுப் பெரியாரும் அந்தத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளையே ஆதரித்தார். 1949-ல் அவரிடமிருந்து பிரிந்த தி.மு.க. போட்டியிடவே இல்லை.

அப்புறம், பெரும்பான்மை கிடைக்காத காங்கிரஸார், ஒரு காலத்தில் சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்த ராஜாஜியை அழைத்து வந்து, தேர்தலில் நிற்காமலே மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார்கள். என்னைக் கேட்டால், புது ஜனநாயகத்துக்கு அது நல்ல தொடக்கம் இல்லை. ஆனாலும் வந்த கையோடு உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார், அது பெரிய காரியம். 1953-ல் கொண்டுவந்த அரைநேரக் கல்வித் திட்டம் (பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில்) தான் அவரைக் கவிழ்த்தது.

1954-ல் அவர் விட்ட முதல்வர் பதவிக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் கட்சிக்குள் போட்டியிட்டு, காமராஜரிடம் தோற்றார். காமராஜரோ தோற்றவரையே அமைச்சரவையில் சேர்த்து நிதியையும் கல்வியையும் கொடுத்தார்.