இசப்கோல் கொடுத்தால் அம்மாவின் மறதி குறையுமா?

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் அம்மா அடுப்பை அணைக்கக்கூட மறக்கிறார், இசப்கோல் (நார்ச்சத்து உமி) கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். மறதிக்காக என்றால், அதை நம்பி இருக்காதீர்கள். அது மலச்சிக்கலுக்கு நல்லது, சர்க்கரையையும் கெட்ட கொழுப்பையும் ஓரளவு குறைக்கும். போன நினைவாற்றலை மீட்டுத் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2024-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வில் 60 தாண்டிய 36 இரட்டையர் ஜோடிகளுக்கு 12 வாரம் சோதித்தபோது, நார்ச்சத்துப் பொடி சாப்பிட்டவர்கள் நினைவாற்றல் தேர்வில் சற்று நன்றாகச் செய்தார்கள். ஆனால் அது இன்யுலின் என்ற வேறு வகை நார்ச்சத்து (இன்சுலின் ஊசி அல்ல), இசப்கோல் அல்ல. சர்க்கரை நோயாளிகளுக்கான ஆய்வும் அல்ல.

அம்மா பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறார், சைவம் என்கிறீர்களே, மறதிக்குக் காரணமாக எனக்கு முதல் சந்தேகம் வைட்டமின் பி12 குறைபாடுதான். மெட்ஃபார்மின் உடலில் பி12 அளவை மெல்லக் குறைக்கும். கால் மரத்துப்போகிறதா என்றும் கேளுங்கள். பி12-உடன் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் இருக்கிறது, அது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம் என்பதால் இன்னொன்று: அடுப்பை அணைக்க மறந்து குழம்பி நிற்கும் அந்த நேரத்திலேயே விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், அப்புறம் டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிசெய்யுங்கள்.

இசப்கோல் கொடுப்பதானால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி. விழுங்கச் சிரமப்படுபவர் என்றால் வேண்டாம். குழப்பம் திடீரென அதிகமானால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.