வாசகர் கேள்வி பதில்: காலனி, கம்பெனி, கையெழுத்து

கே: எங்கள் தெருவின் பெயர் டீச்சர்ஸ் காலனி. அமெரிக்காவும் ஒரு காலத்தில் காலனி என்று பையன் படிக்கிறான். இரண்டும் ஒரே சொல்லா? (தாம்பரம் வாசகி)

ஒரே சொல்தான். லத்தீனில் 'கொலோனுஸ்' என்றால் உழவர். ரோமானியர்கள் பிடித்த நாடுகளில் ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றுவார்கள், அந்தக் குடியிருப்புக்குக் 'கொலோனியா' என்று பெயர். ஜெர்மனியில் கொலோன் என்றொரு நகரம் இருக்கிறதே, சென்ட் பாட்டிலில் பார்த்திருப்பீர்கள், அந்த ஊர்ப் பெயர் இதிலிருந்து வந்ததுதான். அதாவது ஆரம்பத்திலேயே இந்தச் சொல்லுக்குள் பிறத்தியார் நிலமும், நம்ம ஆளும், பின்னால் நிற்கும் பட்டாளமும் இருந்திருக்கின்றன. உங்கள் தெருவில் பட்டாளம் இல்லை, நிலம் யாருடையது என்பதைப் பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இந்தச் சொல் இன்னொரு கசப்பையும் சுமக்கிறது. ஊர் வேறு, காலனி வேறு என்று தலித் மக்களின் குடியிருப்பை ஒதுக்கிச் சொல்லும் பழக்கம். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கப்போவதாக 2025-இல் தமிழக அரசு அறிவித்தது.

கே: காலனியம், ஏகாதிபத்தியம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பாடப்புத்தகத்தில் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். (கல்லூரி மாணவர், மதுரை)

ஒரு நாட்டின் கை இன்னொரு நாட்டின் கழுத்தில் இருந்தால் அது ஏகாதிபத்தியம். கொடி நட்டு, ஆள் அனுப்பி, நேரடியாகவே ஆண்டால் காலனியம். முதலாவதுதான் பெரிய வட்டம், இரண்டாவது அதற்குள் அடங்கும். தேர்வுக்கு இது போதும், ஆனால் புரிய வேண்டுமென்றால் எகிப்தைப் பாருங்கள்.

எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயில் கால்வாய், ரயில், அரண்மனை என்று ஐரோப்பாவில் கடன் வாங்கித் தள்ளினார். கழுத்தை நெரித்தபோது, 1875-இல், சூயஸ் கால்வாய் கம்பெனியில் தன்னிடம் இருந்த பங்குகளை விற்றார். பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி 40 லட்சம் பவுண்டுக்கு அவற்றை வாங்கிப் போட்டார். மறுவருஷமே கஜானா திவால், கடன்காரர்களின் பிரதிநிதிகள் கெய்ரோவில் வந்து உட்கார்ந்து வரவு செலவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். உராபி என்ற ராணுவ அதிகாரி இதை எதிர்த்துக் கிளம்ப, 1882-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்ஸாண்ட்ரியா மேல் குண்டு பொழிந்தன, படை இறங்கியது, சீக்கிரம் கிளம்பிவிடுவோம் என்றும் சொல்லிக்கொண்டார்கள். 1914 வரை சட்டப்படி எகிப்து துருக்கி சுல்தானுக்கு உட்பட்ட நாடுதான். ஆனால் 1883 முதல் 1907 வரை அந்த நாட்டை உண்மையில் நடத்தியவர் ஈவ்லின் பேரிங், பிற்காலத்துக் குரோமர் பிரபு. பேரிங்ஸ் வங்கிக் குடும்பத்து ஆள். அவருடைய பதவி என்ன தெரியுமா? கான்சல் ஜெனரல். வெறும் தூதரக அதிகாரி!

கே: வியாபாரத்துக்கு வந்த கம்பெனி நாடு பிடிக்க முடிந்தது எப்படி? பட்டாளம் வைத்துக்கொள்ள யார் அனுமதி கொடுத்தது? (ஈரோடு வாசகர்)

சாசனம் கொடுத்தது, அதாவது அரசு எழுதிக் கொடுத்த உரிமைப் பத்திரம். 1600-இல் லண்டனில் ஒன்று, 1602-இல் ஹாலந்தில் ஒன்று. டச்சுக் கம்பெனிக்குக் கிடைத்த சாசனத்தில் கீழ்த்திசை வியாபாரத்துக்கு 21 ஆண்டு ஏகபோகம், கூடவே ஒப்பந்தம் போடவும் கோட்டை கட்டவும் சிப்பாய் வைத்துக்கொள்ளவும் உரிமை. அரசுக்குக் கைக்காசு பெரிதாகச் செலவில்லாத போர் இது, செலவைப் பங்குதாரர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆம்ஸ்டர்டாமில் பங்கு வாங்கியவர்கள் பட்டியலில் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்மணியும் இருக்கிறார். சேமிப்பிலிருந்து போட்டிருப்பார் பாவம். அவர் போட்ட காசு எங்கே போனது என்று பார்ப்போம்.

ஜாதிக்காய் தெரியும்தானே? உடைத்தால் கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை மாதிரி ஜாதிபத்திரி ஒட்டிக்கொண்டிருக்கும், நம் வீட்டில் பிரியாணிக்கும் குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பதற்கும் வைத்திருப்போம். அந்தக் காலத்தில் உலகத்துக்கே ஜாதிக்காய் வந்தது ஒரே இடத்திலிருந்துதான், இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே கிடக்கும் பாண்டா தீவுகள், கையில் அள்ளிவிடலாம் போல அவ்வளவு சின்னத் தீவுகள். அங்கே ராஜா கிடையாது, 'ஓராங் காயா' எனப்படும் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். டச்சுக்காரர்கள் அவர்களில் சிலரிடம் 'இனி எங்களுக்கு மட்டும்தான் விற்போம்' என்று கையெழுத்து வாங்கினார்கள். தீவுக்காரர்களுக்கோ சோற்றுக்கு அரிசியும் சாகோ என்ற மரத்து மாவும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும், அதைக் கொண்டுவந்தவர்கள் ஜாவாக்காரர்களும் மலாய்க்காரர்களும். டச்சுக்காரன் கொண்டுவந்தது கம்பளித் துணி. அந்த வெக்கையில் கம்பளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பழைய ஆட்களுக்கே விற்றார்கள், கொஞ்சம் ஆங்கிலேயருக்கும் விற்றார்கள். ஒப்பந்த மீறல்!

1621-இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸோன் கூன் படையோடு வந்தார். பெரியவர்கள் 44 பேரைக் கோட்டையில் வைத்து, கூலிக்கு வந்த ஜப்பானிய வாள்வீரர்களைக் கொண்டு வெட்டினார்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டும், மலையில் பட்டினி கிடந்தும், அடிமையாக ஏற்றப்பட்டும், தப்பி ஓடியும், சுமார் 15,000 பேர் இருந்த இடத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அப்புறம் நிலத்தை 68 தோட்டங்களாக அளந்து தங்கள் ஆட்களுக்குக் கொடுத்து, வேலைக்கு வேறு தீவுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அங்கேயே ருன் என்றொரு துண்டுத் தீவை ஆங்கிலேயர் விடாமல் உரிமை கோரிக்கொண்டிருந்தார்கள். 1667-இல் அதை டச்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தார்கள், பதிலுக்கு மன்ஹாட்டன் ஆங்கிலேயர் கையில் நின்றது. இன்றைய நியூயார்க்.

கே: 'டெர்ரா நுல்லியஸ்' என்றால்? (நாகர்கோவில் வாசகர்)

'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்.' ஆள் இருந்தாலும் இல்லாத மாதிரி கணக்கு. ஆஸ்திரேலியாவில் 1835-இல் ஜான் பேட்மேன் என்ற ஆட்டுப்பண்ணைக்காரர் (சினிமா பேட்மேன் இல்லை) இன்றைய மெல்போர்ன் பக்கம் பூர்வகுடிப் பெரியவர்களிடம் போர்வை, கோடரி, கண்ணாடி, மாவு கொடுத்து நிலத்தை வாங்கியதாகப் பத்திரம் எழுதிக்கொண்டார். மோசடிப் பத்திரம்தான். ஆளுநர் போர்க் அது செல்லாது என்றார். ஏமாந்தவர்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல, நிலம் பிரிட்டிஷ் முடியுடையது, அவர்களுக்கு விற்கும் உரிமையே கிடையாது என்று!

ஒரு பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக வேலை பார்த்த பூர்வகுடிக்காரர் எடி மாபோ, தன் தீவில் தன் குடும்ப நிலம் சட்டப்படி தன்னுடையது இல்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார். வழக்குப் போட்டார். 1992 ஜூனில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டைத் தூக்கியெறிந்தது. மாபோ அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

கே: பெர்லினில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து ஆப்பிரிக்காவுக்குக் கோடு போட்டார்கள் என்பது உண்மையா? (தஞ்சாவூர் ஆசிரியர்)

பாதி உண்மை சார். 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை ஜெர்மனியின் பிஸ்மார்க் கூட்டிய மாநாட்டில் 14 நாடுகள், ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. எல்லைக் கோடுகளில் பெரும்பாலானவை அப்புறம் தனித்தனி ஒப்பந்தங்களில் வந்தவை. பெர்லினில் எழுதியது ஆட்டத்தின் விதி: கடற்கரையைப் பிடித்தால் மற்றவர்களுக்குத் தகவல் சொல்லு, பெயருக்குப் பிடிக்காமல் அங்கே ஆட்சியும் நடத்து.

அந்தச் சமயத்தில் சத்தமில்லாமல் காரியம் சாதித்தவர் பெல்ஜிய அரசர் லியோபோல்ட். அடிமை வியாபாரத்தை ஒழிக்கிறேன், அறிவியல் வளர்க்கிறேன் என்று ஒரு சங்கம் வைத்து, ஸ்டான்லி என்ற பயணியை அனுப்பி, தலைவர்களிடம் துணிமணி கொடுத்துக் காகிதங்களில் கீறல் வாங்கினார். பெல்ஜியத்தைப் போல 70 மடங்குக்கும் மேலான காங்கோ அவருடைய சொந்தச் சொத்து ஆனது. பெல்ஜியத்தின் சொத்துகூட இல்லை, அவருடையது. ஒரு தடவையும் அங்கே போனதில்லை அந்த மனிதர்.

1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவர, ரப்பர் விலை ஏறியது. காங்கோ ரப்பர் தோட்டத்து மரத்தில் வருவதல்ல, காட்டுக் கொடியில் வடிவது. தேடி அலைந்து எடுக்க வேண்டும். ஊருக்கு இவ்வளவு என்று அளவு போட்டு, ஆண்கள் கொண்டுவரும் வரை பெண்களைப் பிணையாகக் கட்டி வைத்தார்கள். சிப்பாய்க்குக் கொடுத்த தோட்டாவுக்குக் கணக்கு வேண்டும், சுட்டதற்கு அத்தாட்சியாக வெட்டிய கை. வேட்டைக்குத் தோட்டாவைச் செலவழித்தவன் உயிரோடிருப்பவர் கையை வெட்டிக் கணக்கை நேர் செய்ததும் உண்டு. 1904-இல் ஆலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண்மணி எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ன்சாலா என்பவர் திண்ணை மாதிரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் அவருடைய சின்ன மகளின் கையும் பாதமும். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான் படம்.

இதை வெளியில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் எட்மண்ட் மோரல், கப்பல் கம்பெனி குமாஸ்தா. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் கணக்குப் பார்க்கும்போது, வருகிற கப்பலில் ரப்பரும் தந்தமும், போகிற கப்பலில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும் இருப்பதைக் கவனித்தார். விலையாக ஒன்றும் போகவில்லை என்றால் அங்கே நடப்பது வியாபாரம் அல்லவே! 1908-இல் பெல்ஜியம் காங்கோவைத் தன் பொறுப்பில் எடுத்தது. அதற்குமுன் லியோபோல்ட் தன் ஆவணங்களை எரிக்கச் சொன்னார், அடுப்பு எட்டு நாள் எரிந்ததாம்.

கே: 'பிரெஞ்சுக்காரன் தேவலை, வெள்ளைக்காரன்தான் மோசம்' என்பார் எங்கள் தாத்தா. சரியா? (புதுச்சேரி வாசகர்)

பிரெஞ்சுக்காரனும் வெள்ளைதானே ஐயா! தாத்தா சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது, பாணி வேறு. பிரிட்டிஷார் பல இடங்களில் உள்ளூர் ராஜாவையோ அமீரையோ உட்காரவைத்துப் பின்னாலிருந்து ஆண்டார்கள். வடக்கு நைஜீரியாவில் லுகார்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி செய்தது அதுதான், 'மறைமுக ஆட்சி' என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'நீயும் பிரெஞ்சுக்காரன் ஆகலாம்' என்றார்கள். உங்கள் ஊர் வக்கீல் பொன்னுத்தம்பி ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனதற்கு வெளியே அனுப்பப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தவர். 1881 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது: சாதி, மதம் சார்ந்த சொந்தச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக் கையெழுத்துப் போடலாம், குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். அவர் வைத்துக்கொண்ட பெயர் லாபோர்த், அதாவது கதவு.

அதே 1881-இல், ஜூனில், அல்ஜீரியாவில் அதே பிரெஞ்சு அரசு 'பூர்வகுடிச் சட்டம்' கொண்டுவந்தது. விசாரணை இல்லாமலே அதிகாரி அபராதம் போடலாம், உள்ளே தள்ளலாம். தாத்தா அல்ஜீரியாவில் பிறந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

கே: நம் ஊர் ரயில் பிரிட்டிஷார் கொடுத்ததுதானே? (சேலம் வாசகர்)

போட்டவர்கள் லண்டன் முதலீட்டாளர்கள். 1849 முதல் அவர்களுக்கு 5 சதவீத லாபம் உத்தரவாதம், குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். இப்படி யார் வேண்டுமானாலும் ரயில் விடலாம். யாருக்கும் காலனியாக இல்லாத ஜப்பானிலும் 1872-இல் ரயில் ஓடியது.

கே: சுதந்திரம் வந்த பிறகும் 'நவகாலனியம்' என்கிறார்களே, மிகையாகத் தெரிகிறது. (கோவை வாசகி)

கானாவின் அதிபர் குவாமே என்க்ருமா 1965-இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்: கொடி உன்னுடையது, கஜானாச் சாவி வேறொருவரிடம் என்கிற நிலை. மறுவருஷம் அவர் வெளிநாட்டில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. சங்கதி அவருக்கு வெகுமுன்பே உண்டு. ஹைட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து 1804-இல் சுதந்திரம் அறிவித்தார்கள். 1825-இல் பிரான்ஸ் 14 போர்க்கப்பலை அனுப்பி, அங்கீகாரம் வேண்டுமென்றால் 15 கோடி பிராங்க் கட்டு என்றது. முன்னாள் எஜமானர்களுக்கு நஷ்ட ஈடு! இழந்த 'சொத்தில்' இந்த மனிதர்களும் அடக்கம், ஆக அவர்கள் தங்களையே விலை கொடுத்து வாங்கினார்கள். முதல் தவணைக்கே பாரிஸில் 3 கோடி கடன், கமிஷன் போகக் கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். பின்னால் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள், ஆனாலும் அதன் வழி வந்த கடன்களைக் கட்டி முடித்தது 1947-இல். மிகை என்று இன்னும் தோன்றுகிறதா அம்மா?

கே: ஐரோப்பாவுக்குள்ளேயே காலனி இருந்ததா? (ராமநாதபுரம் வாசகர்)

அயர்லாந்து. 1609-லிருந்து அல்ஸ்டர் பகுதியில் ஐரிஷ்காரர்களின் நிலத்தைப் பிடுங்கி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து புரோட்டஸ்டன்ட்களைக் குடியேற்றினார்கள். அதற்கு வைத்த பெயர் 'பிளான்டேஷன்', நட்டது மனிதர்களை. காங்கோவில் நடந்ததை 1904-இல் அறிக்கையாக எழுதிய பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் டப்ளினில் பிறந்தவர். அந்த மாதிரி வேலைகளுக்காக 1911-இல் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். 1916-இல் அயர்லாந்து விடுதலைக்காக ஜெர்மன் நீர்மூழ்கியில் வந்து இறங்கிப் பிடிபட்டார், பட்டத்தைப் பறித்து ஆகஸ்டில் லண்டனில் தூக்கில் போட்டார்கள். உடலை டப்ளினுக்குக் கொடுத்தது 1965-இல்.